பொழுது சாய்வதற்குள் நூடுல்ஸ்

1

எங்கள் கல்யாண நாளை நாங்கள் வருடா வருடம் சீன உணவகத்தில்தான் கொண்டாடுகிறோம். இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். பாஸ்டனுக்கு மேற்கே நாங்கள் குடியிருக்கும் இந்தச் சிற்றூரில் உட்கார்ந்து சாப்பிட மொத்தமே மூன்று இடங்கள். ஒன்றின் வாசலில் முழு மாட்டையே வரைந்து, எந்தப் பாகம் எந்த விலை என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று பீட்சா கடை. மூன்றாவது சீனாக்காரர் கடை. சலவைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் காதல் அங்கே போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

போன வாரமும் போனோம். கல்லாவில் இருக்கும் பெண்மணி என்னைப் பார்த்ததும், "வாங்க மிஸஸ் ஜினதாஸ்" என்று வரவேற்றார். ஜினதாஸ் என் கணவர் இல்லை, என் அப்பா. என் பெயர் பத்மா, இனிஷியல் ஜே. வந்த புதிதில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு முதலும் கடைசியும் அந்த ஒரு பெயர்தான் என்று விளக்கிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கட்டத்தில் அப்பாவைத் தூக்கிப் போட்டேன். ஆரணியில் ஜரிகைக் கடை வைத்து, வெளியில் ஒரு டீகூடக் குடிக்காமல் வாழ்ந்து முடித்த மனிதர். அவர் பெயரில் இன்று சீனக் கடையில் மேசை ஒதுக்குகிறார்கள்.

நாங்கள் சமணர்கள். ஆரணி, செய்யாறு பக்கம் நயினார் வீடு என்றால் புரிந்துகொள்வார்கள். சீனப் பெண்மணிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. சரி என்பார். வெங்காயம், பூண்டு கிடையாது. கொஞ்சம் யோசித்துச் சரி என்பார். மண்ணுக்கு அடியில் விளையும் காரட், உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "அப்படியானால் என்னதான் சாப்பிடுவீர்கள்?" அதில் கிண்டல் துளியும் கிடையாது. எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து நிஜமாகவே கவலைப்படுகிறார்.

ஒரு முறை எக் ரோலில் முட்டையே இல்லை என்று அறிந்து மகிழ்ந்தேன். பன்றி இருக்கிறது என்று அடுத்த நிமிடம் அறிந்து மகிழ்ச்சியை வாபஸ் வாங்கினேன்.

எங்கள் மகன் அஜித்துக்குப் பன்னிரண்டு வயது. இந்த முறை எங்களை முந்திக்கொண்டு பரிமாற வந்த பெண்ணிடம் அவனே பேசினான். "இவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சிரமம். நான் சுலபம்." ஆங்கிலத்தில்தான் சொன்னான், சத்தமில்லாமல், வக்கீல் தன் கட்சிக்காரர் சார்பில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பெற்றவர்களை இவ்வளவு சுருக்கமாக யாரும் அறிமுகப்படுத்தியதில்லை. அவன் அப்பா ஜம்பு பெருமையாகச் சிரித்தார். அவருக்கு மகனின் உச்சரிப்பு மட்டும்தான் காதில் விழும்.

2

சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதைவிடப் பெரிய தொல்லை, எப்போது சாப்பிடுவது என்பது. எங்கள் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. விளக்கொளியில் பூச்சி புழு தெரியாமல் உள்ளே போய்விடும், ஓர் உயிர் வீணாகிவிடும் என்பது காரணம். ஆரணியில் இது சிரமமே இல்லை. சூரியன் அங்கே சர்க்கார் உத்தியோகஸ்தர் மாதிரி, வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

இங்குள்ள சூரியனுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. ஜூனில் எட்டரை வரை வானத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த மாதத்தில் எங்களைப் போன்ற பக்திமான்களை நீங்கள் உலகத்திலேயே பார்க்க முடியாது. டிசம்பரில் நாலே காலுக்கு மறைந்துவிடும். அப்போது நான் அலுவலகத்தில், ஜம்பு நெடுஞ்சாலையில், அஜித் நீச்சல் வகுப்பில். வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் நியமத்தோடு இருக்கும்.

ஜம்பு இதற்கு ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் ஆறு மணி, ஆகவே இங்கேயும் ஆறு மணி. சூரியனை நாம் கேட்க வேண்டியதில்லை. ஆறு மணி ஆறரையாகி, ஏழாகி, இப்போது எட்டுக்கு வந்து நிற்கிறது. இங்கே எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஊருக்குப் போன் பேசும்போது மட்டும் எல்லாரும் நாலு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறோம்.

3

ஆரணிக்குச் சைனீஸ் வந்தது தொண்ணூறுகளில். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. சினிமா பேனர் வரைகிறவரிடம் டிராகன் வரையச் சொல்லியிருந்தார்கள். அவர் டிராகனைப் பார்த்ததில்லை, கோயில் யாளியைப் பார்த்திருந்தார். அதற்கு மீசை வைத்து நெருப்பு கக்க விட்டார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி பொழுது சாய்ந்தபின்தான் திறக்கும். தறியை நிறுத்திவிட்டு வருகிற சேவூர்க்காரர்கள், பட்டுக் கடைப் பையன்கள், செகண்ட் ஷோ போகிறவர்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். அகப்பை இரும்புச் சட்டியில் அடிக்கிற ஓசை எங்கள் தெருவரை கேட்கும். எங்கள் வீட்டில் அடுப்பைத் துடைத்துப் பாத்திரங்களைக் கவிழ்க்கிற நேரம் அது. ஊரே புதுத் தீனி தின்றுகொண்டிருக்க, நானும் தம்பி ஜெயராஜும் வயிறு நிறைய ரசம் சாதத்தோடு மொட்டைமாடியில் நின்று வாசனையை மட்டும் தின்றோம். அந்த ஃபிரைடு ரைஸைக் கடைசிவரை நான் தொட்டதில்லை. சைனீஸ் சாப்பிட எனக்கு விசா தேவைப்பட்டது.

4

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் ஆரணிக்குப் போயிருந்தேன். ஜம்புவுக்கு லீவு இல்லை, அஜித்துக்கு மனமில்லை, தனியாகத்தான் போனேன். தம்பி மகள் சுநந்தாவுக்கு வரன் வந்திருந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். எங்கள் ஜனம் மொத்தமே கைக்கடக்கம். அதில் படிப்பு, வயது, உறவுமுறை எல்லாம் கழித்தால் பையன்கள் விரல்விட்டு எண்ணக்கூடத் தேற மாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா அக்கா..." என்று ஆரம்பிக்கும் தம்பி வாக்கியத்தை முடிக்கவே மாட்டான்.

பையன் பெயர் வர்தன். சிகாகோவில் வேலை. அப்பா வெம்பாக்கத்தில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அம்மா இல்லை. வீட்டில் வைத்துப் பெண் பார்க்க வேண்டாம், ஒத்துவராவிட்டால் இரு பக்கமும் சங்கடம், வெளியில் எங்காவது சந்திக்கலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். தம்பி இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். சேவூர் ரோட்டில், பட்டுச்சேலைக் கடைக்கு மாடியில் புதிதாக வந்த சைனீஸ் ஏசி ரெஸ்டாரண்ட்.

"ஏன்டா, உடுப்பி ஓட்டல் இல்லையா?"

"அக்கா, அமெரிக்காலேந்து வர்ற பையன இட்லி கடைக்கா கூட்டிகினு போறது? இதுன்னா அவனுக்குப் பழகின எடமா இருக்கும்."

சைனீஸ் என்றால் ஃபாரின், ஃபாரின் என்றால் அமெரிக்கா. இவ்வளவு நேரான கணக்கில் நான் என்ன தப்புக் கண்டுபிடிக்க முடியும்? கடை திறப்பது ஆறு மணிக்கு. ஓனர் தம்பிக்குத் தெரிந்தவர் என்பதால் எங்களுக்காக நாலு மணிக்கே திறக்கச் சம்மதித்திருந்தார்.

முதல் நாள் மாடியில் துணி எடுக்கும்போது சுநந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ஒன்னு கேப்பேன். செய்வீங்களா?"

"சொல்லு."

"அழகு, வேலை, அதெல்லாம் நான் பாத்துக்கறேன். அவ்ளோ தூரத்துல போயி ஒரே ஒரு ஆளை நம்பி இருக்கணும். அந்த ஆளு நெஜம் பேசறவரான்னு மட்டும் நீங்க பாத்து சொல்லுங்க. அங்கத்து சங்கதி உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

கிளிப்பைக் கொடியில் திரும்ப மாட்டிவிட்டுக் கீழே போய்விட்டாள். தன் வாழ்க்கையையே இப்படித் துணியோடு துணியாக என் கையில் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

5

தம்பி, தம்பி மனைவி, சுநந்தாவோடு நான் நாலு மணிக்கே கடை வாசலில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. செய்யாறு தாண்டி கார் பஞ்சர். ஐந்து மணிக்கு மேல்தான் வந்தார்கள். பையன் ஒல்லி, அதிகம் பேசவில்லை. அவனுடைய பங்கையும் சேர்த்து ஹெட்மாஸ்டரே பேசினார்.

மேலே போனால் ஒரே இருட்டு. சுவரெல்லாம் சிவப்பு, தொங்குவதெல்லாம் சிவப்புக் காகித விளக்கு. ஜன்னல்களில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். மெனு கார்டைப் படிக்க ஹெட்மாஸ்டர் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். கடையின் சமையல் மாஸ்டர் வழக்கமாக ஐந்து மணிக்கு வருகிறவர், அப்போதுதான் வந்து லுங்கியை மாற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி சப்ளையரைக் கூப்பிட்டு நம் நியமங்களை வரிசையாகச் சொன்னான். வெங்காயம், பூண்டு, முட்டை, காரட் வேண்டாம். ஹெட்மாஸ்டர் கையை உயர்த்தி, "காலிஃபிளவரும் வேணாம். அதுல புழு இருக்கும்" என்றார். சப்ளையர் உள்ளே போனார். மாஸ்டரே வெளியே வந்தார்.

"சார், கோபி மஞ்சூரியன்ல கோபியும் போடக் கூடாதா?"

"கூடாது."

"அப்ப என்னா சார் போடறது?"

"அத நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டர் எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். குடைமிளகாய், பீன்ஸ், கோஸ் வைத்து நூடுல்ஸும் ஃபிரைடு ரைஸும் செய்கிறேன், அதற்குமேல் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். போன ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஏசிக்கு மட்டும் ஓடியது. உள்ளே மெழுகுவத்தி வைத்துக் கோஸ் நறுக்குகிறார்கள் என்று சப்ளையர் எங்கள் மேசையிலும் ஒன்றை ஏற்றிவிட்டுத் தகவல் சொன்னார்.

காத்திருக்கும் நேரத்தை ஹெட்மாஸ்டர் வீணாக்கவில்லை.

"எங்க பையன் சிகாகோ போயி அஞ்சு வருசமாவுது. இன்னி வரைக்கும் பொழுது சாய்ஞ்சா பச்சத்தண்ணி வாயில ஊத்த மாட்டான். நீங்க அங்கயே இருக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க" என்றேன். தெரிந்ததுதான் சிக்கல். சிகாகோ டிசம்பர் எனக்குத் தெரியும். நாங்கள் ஊருக்குப் போன் போட்டு அளக்கிற அதே கதைதான், அச்சுப் பிசகாமல்.

தம்பியும் விடவில்லை. "எங்க பொண்ணும் அப்படித்தாங்க. வேலூர் போய்ட்டு வர்றா, ஏழு மணி ஆயிடும். ஆனா ராத்திரி ஒரு பருக்கை தொட மாட்டா. பழக்கிட்டோம்."

இரு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்து நிறைவாகத் தலையாட்டினார்கள். சுநந்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் எல்லாருக்கும் சூரியன் நினைவு வந்தது. அது இருக்கிறதா, போய்விட்டதா என்று கறுப்புக் கண்ணாடி வழியே தெரியவில்லை. இன்னும் இருக்கிறது என்றான் தம்பி. போயிருக்கும் என்றாள் தம்பி மனைவி. ஹெட்மாஸ்டர் யார் பேச்சையும் நம்பாமல் தானே எழுந்து படியிறங்கி, பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் நடுவில் நின்று மேற்கே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"போச்சு" என்றார்.

அவர் நாற்காலியில் உட்காரவும், சப்ளையர் ஆவி பறக்க நூடுல்ஸைக் கொண்டுவந்து வைக்கவும் சரியாக இருந்தது.

6

யாரும் கை வைக்கவில்லை. தம்பியின் முகம் சுண்டிவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்களைப் பட்டினி போட்டு அனுப்பப்போகிறோமே என்ற பயம் அவனுக்கு. "பார்சல் கட்டச் சொல்லட்டுங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டான். காலையில் சாப்பிட்டால் பழையது, இப்போது சாப்பிட்டால் பாவம் என்று அவனுக்கே உறைத்து வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு இதுதான் சமயம் என்று பட்டது. சுநந்தா என்னை ஒரு வேலைக்கு வைத்திருக்கிறாள். ஆவி பறக்கிற சோறு முன்னால் இருக்கும்போது மனிதன் பொய் சொல்லும் அழகைப் பார்த்துவிடலாம்.

"வர்தன், டிசம்பர்ல உங்க சிகாகோல எத்தனை மணிக்குப் பொழுது போகும்?"

"நாலு இருபதுக்குங்க."

ஹெட்மாஸ்டர் திரும்பினார். "நாலு இருபதா? சாயங்காலமா?"

முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர். பூமி சாய்ந்து சுற்றுகிறது என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவர். அந்தச் சாய்வில் தன் மகனும் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சிகாகோ சூரியனும் வெம்பாக்கத்துச் சூரியன் மாதிரி ஆறு மணி வரை டியூட்டி பார்க்கும் என்றே இருந்திருக்கிறார்.

"ஆபீஸ் எப்ப விடும்?" என்றேன் நான். குரலில் கொஞ்சம் வெற்றிகூட இருந்திருக்கும்.

"ஆறு ஆயிடுங்க."

"அப்ப எங்க சாப்புடுவ?" இதைக் கேட்டது நான் இல்லை, ஹெட்மாஸ்டர்.

வர்தன் டம்ளரை நகர்த்தி வைத்தான். "கார்லப்பா. மூனே முக்காலுக்கு டிபன் பாக்ஸ எடுத்துகினு பார்க்கிங்குக்குப் போயிடுவேன். ஹீட்டர் போட்டுகினு, பின்சீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடுவேன். சிகரெட் புடிக்கறவங்க வெளிய போறாங்க இல்ல, அந்த மாதிரி நெனச்சுப்பாங்க."

"அந்தக் குளிர்லயா? டெய்லியா?"

"குளிர்காலத்துல டெய்லி."

"ஏன்டா, எனக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? முடியலன்னா விட்டுட வேண்டியதுதான?"

"ஞாயித்துக்கெழமை போன்ல கேப்பீங்க இல்ல, பொழுதோட சாப்பிட்டியான்னு. விட்டுட்டேன்னா அதுக்குப் பொய் சொல்லணும். எனக்கு அது வரலப்பா."

சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு நானே கூண்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வருடமாகப் போனில் வாய் கூசாமல் அளந்தவள் நான். ஒருவன் நிஜம் பேசினால் அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. சுநந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு என் தீர்ப்பு தேவைப்படவில்லை.

"நான் பஸ்ல" என்றாள், அவனைப் பார்த்து. எல்லார் எதிரிலும் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கண்ணமங்கலம் தாண்டினா பொழுது சாஞ்சிடும், அதுக்குள்ள முடிச்சிடணும். உக்கார எடம் கெடைக்காதுங்க. ஒரு கையில கம்பிய புடிச்சிகினு, ஒரு கையில சப்பாத்தி."

"நின்னுகினேவா?" என்றான் அவன்.

"நின்னுகினேதான். குழம்பு எடுத்துகினு போனா பக்கத்துல இருக்கறவங்க மேல ஊத்திடுது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை. ஏழு மணிக்கு வருகிற பெண் அதற்குமேல் ஒன்றும் தொடுவதில்லை என்றுதான் அவனுக்குத் தெரியும். எங்கே, எப்படிச் சாப்பிடுகிறாள் என்று இத்தனை நாளில் கேட்கத் தோன்றவில்லை. தன் பெண்ணைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியைப் போல் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கரண்ட் வந்தது. அவ்வளவு சிவப்பில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கரண்டியை எடுத்தார். முதலில் சுநந்தாவின் தட்டில் நூடுல்ஸ் வைத்தார். அடுத்து மகன் தட்டில் வைத்தார். பழக்கமில்லாத பண்டம், பாதி மேசை விரிப்பில் விழுந்தது. அதையும் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

"சாப்புடுங்க ரெண்டு பேரும்."

தம்பி பதறிவிட்டான். "பொழுது போயிடுச்சிங்களே?"

"தெரியும். நான்தான பாத்துட்டு வந்தேன்."

வர்தன் கை வைக்காமல் அப்பாவையே பார்த்தான். "நீங்க?"

"நான் சாப்புடல. நீங்க தனியா சாப்புட வேணாம், கூட உக்காந்துகினு இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கமாகப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் சாப்பிட்டார்கள். அந்த மனிதர் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடாமல், இரண்டு தட்டும் காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.